மணி நிற்கும் இடம்

மணி ஓடும்வரை ஒன்றுமில்லை.
மணி நின்றால்தான் பறவை.

ஹல்லாவின் கழுத்தில் கட்டியிருப்பது
சுண்டுவிரல் நுழையாத வாயுள்ள பித்தளை மணி.
ஆல்டர் புதருக்குள் அவள் புகுந்துவிட்டால்
கண்ணுக்கு வேலையில்லை.
மணி இடப்பக்கம் போகும்,
ஓடையைத் தாண்டும், திரும்பும்,
சட்டென்று நிற்கும்.
அங்கே ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி,
வால் விறைக்க,
காற்றில் மூக்கை ஆணியடித்து மாட்டியதுபோல் நிற்பாள்.
நான் போய்ச் சேரும்வரை நிற்பாள்.
அதற்குத்தான் செட்டர் சாதி.
பறவை கிரவுஸ்,
கௌதாரிக்கு அக்கா முறை,
காலடியில் இருந்தாலும் காய்ந்த இலைதான்.

முப்பத்தொரு வருஷம்
மிச்சிகனின் வடகோடியில் ஒரு மர மில்லில்
ரம்பம் என் காதோடு பேசிக்கொண்டிருந்தது.
டாக்டர் ஒரு தாளைக் காட்டினார்.
சமவெளியாக வந்த கோடு
வலது ஓரத்தில் பள்ளத்தில் விழுந்தது.
"உச்ச ஒலிகள் போய்விட்டன, மிஸ்டர் ரௌத்தியோ."
எதெல்லாம் என்று கேட்டேன்.
சில்வண்டு, கெட்டிலின் விசில்,
பக்கத்து அறையில் பிள்ளைகள் சிரிப்பது என்றார்.
மணி பற்றி அவருக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

ஆகவே இந்த அக்டோபரில்
காடு முழுக்கப் பறவை.
நான் வைக்கும் ஒவ்வோர் அடியிலும்
மணி நின்றிருக்கிறது.

என் மச்சினி லெம்பி கூட வருவாள்.
தபால் வண்டி ஓட்டுகிறவள்.
துப்பாக்கியைத் தொட மாட்டாள்,
சாண்ட்விச் அவள் பொறுப்பு.
நாற்பதடி தள்ளி நடப்பாள்,
மணி நின்றதும் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றுவாள்.
அதுதான் எங்கள் ஏற்பாடு.
முதல் நாள், யாரோ செத்த வீட்டில் நிற்பதுபோல்
தலை குனிந்து தொப்பியோடு நின்றாள்.
நான் சிரித்த சிரிப்பில்
பறவை பறந்துபோனது.

நாய் நின்றால் உள்ளங்கையில் அதிரும் கருவி ஒன்று
கடையில் இருக்கிறது. எழுநூறு டாலர்.
வாங்காததற்குக் காரணம் வீம்பு என்று நினைக்கிறார்கள்.
கூரை ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை லெம்பிக்கு டியூட்டி.
தனியாகப் போனேன்.
யாரோ எப்போதோ விட்டுப்போன பண்ணை,
காட்டுக்குள் அதன் ஐந்து ஆப்பிள் மரங்கள்,
துருப்பிடித்த அடுப்பின் கதவு மட்டும்.
ஹல்லா உள்ளே போனாள்.
வரவில்லை.

விசில் ஊதினேன். ஊதினேன் என்று நினைக்கிறேன்.
ஓடைவரை போனேன், வந்தேன்,
அவள் பிறந்த நேரத்தைத் திட்டினேன்,
ஓநாய்களை நினைத்தேன்,
என் காதுகளை, மில்லை, மில் முதலாளியை,
எல்லாரையும் வரிசை மாற்றித் திட்டினேன்.
கால் ஓய்ந்தபோது
துப்பாக்கியைப் பிரித்து மரத்தில் சாய்த்துவிட்டு
அடிக்கட்டையில் உட்கார்ந்து காபி ஊற்றினேன்.

எதிரே ஒரு பிர்ச் மரம் விழுந்து கிடந்தது,
வெள்ளைத்தோல், கறுப்புப் புள்ளிகள்.
அதற்குக் கண் இருந்தது.

பத்தடிகூட இல்லை.
இரண்டு முறை நான் தாண்டிப் போயிருக்கிறேன்,
பூட்ஸ் தடம் சாட்சி.
கண் மட்டும் என் பக்கம் உருண்டு
மறுபடி புல்லுக்குப் போனது.
தூக்கிய கால் நடுங்கிக்கொண்டிருந்தது.
முதுகில் மூன்று மஞ்சள் ஆஸ்பென் இலைகள்.
ஒரு நாயின் மேல் இலை விழுந்து, விழாமல் தங்கி,
அதன் பக்கத்தில் இன்னொன்று,
பிறகு இன்னொன்று.

கோப்பையை எங்கே வைப்பது என்று பார்த்தேன்.

பறவை எழுந்தது.
அது கேட்டது!
காதில் இல்லை, விலா எலும்பில்,
வெறும் பீப்பாய் படிக்கட்டில் உருள்வதுபோல்.
அடித்தள ஒலிகள் எவையும் போகவில்லை.
ஆப்பிள் கிளைகளுக்கு நடுவே ஒரு பழுப்புக் கோடு,
விசிறிவால், அப்புறம் வானம்.
நான் சூடான காபியோடு
வாய் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஹல்லா காலைக் கீழே வைத்தாள்.
திரும்பி என்னைப் பார்த்தாள்.
அந்தப் பார்வையை லெம்பியிடம்
இன்னும் சொல்லவில்லை.

பிறகு தலையிலிருந்து வால்வரை
உடம்பை ஒருமுறை உதறினாள்.
இலைகள் விழுந்தன.
மணி அடித்திருக்க வேண்டும்.